தடை பட்டவர்களுக்கு ஒரு மைதானம்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நான் பேஸ்பால் ஆடிப் பார்த்ததில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அந்த ஆட்டத்தையும் பிரெஞ்சிலேயே பேசுவார்கள். பந்து எறிபவர் அங்கே 'லான்சேர்'. அந்த ஆசையில்தான் அவர்களுடைய 'புரொவின்ஷியல் லீக்' பற்றிப் படித்தேன்.

டிரம்மண்ட்வில், கிரான்பி, ஃபார்னம் என எல்லாம் சிறு ஊர்கள். 1946-இல் கூடுதல் சம்பளத்துக்காக மெக்சிகோ போன அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு ஆணையர் சாண்ட்லர் ஐந்தாண்டுத் தடை போட்டார். அமெரிக்கக் கட்டுப்பாட்டில் அப்போது இல்லாத இந்த லீக் அவர்களில் சிலரைச் சேர்த்துக்கொண்டது. சால் மாக்லி 1949-இல் டிரம்மண்ட்வில்லுக்கு ஆடினார். அவ்வருடமே தடை நீங்கியது. மறுவருடம் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு அவர் 18 ஆட்டங்களை வென்று தந்தார்.

1950-இல் லீக் அமெரிக்க அமைப்பில் சேர்ந்தது. 1951-இல் ஃபார்னம் அணிக்கு மேலாளரானவர் சாம் பாங்க்ஹெட் என்ற கறுப்பினத்தவர். பெரிய லீக்கில் அப்படி ஒருவர் வர 1975 ஆயிற்று.

அமெரிக்க அமைப்பில் அதன் காலம் 1955-உடன் முடிந்தது. அந்த ஊர்க்காரர்கள் புரட்சி செய்யக் கிளம்பியவர்கள் அல்லர். நல்ல ஆட்டம் பார்க்க ஆசைப்பட்டவர்கள். தடை உத்தரவுகளைக் கோப்பில் கட்டியே காலம் கழித்த எனக்கு, அந்த ஆசை பெரிதாகத் தெரிகிறது.