நீலத் திமிங்கலத்துக்கு வழிவிட்ட கப்பல்கள்!

இலங்கையின் தென்கரையில், மாத்தறைக்குப் பக்கத்தில் இருக்கிறது மிரிஸ்ஸ. சின்ன மீன்பிடித் துறைமுகம்தான். ஆனால், கடல் அமைதியாக இருக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, விடியும் முன்பே சுற்றுலாப் பயணிகள் இங்கே படகுக்காகக் காத்திருக்கிறார்கள். பார்க்க வருவது, உலகின் மிகப் பெரிய உயிரினமான நீலத் திமிங்கலத்தை!

இங்கே கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே கடல் சட்டென்று ஆழமாகிவிடும். அதனால்தான் காலையில் கிளம்பும் படகு, திமிங்கலத்தைக் காட்டிவிட்டு அன்றே திரும்ப முடிகிறது. முதலில் தெரிவது இரண்டு மாடி உயரத்துக்குப் பீறிடும் மூச்சு. பிறகு, முடிவே இல்லாததுபோல் நீளும் முதுகு. அதிர்ஷ்டம் இருந்தால், ஆழத்துக்குப் பாயும்போது உயரும் வாலையும் பார்க்கலாம்.

நீலத் திமிங்கலங்கள் குளிர்ந்த கடலில் இரை தின்றுவிட்டு, குட்டி போட வெப்பக் கடலுக்கு வரும் என்பதுதான் பாடநூல் சொன்னது. 2003-ல் இலங்கைக் கடலில் ஓர் ஆய்வுக் கப்பலில் இருந்த ஆஷா டி வோஸ், ஆறு நீலத் திமிங்கலங்களைப் பார்த்தார். பக்கத்திலேயே சிவப்பு நிறத்தில் மிதந்தது திமிங்கலத்தின் மலம்! மலம் இருக்கிறது என்றால், இங்கேயே இரையும் கிடைக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்தக் கேள்வியோடு 2008-ல் அவர் தனி ஆய்வுத் திட்டமே தொடங்கினார். இந்தத் திமிங்கலங்கள் வெப்பக் கடலிலேயே வாழ்கின்றன, பெரும்பாலும் ஒருவகைச் சிறு இறால்களைத் தின்கின்றன என்பதெல்லாம் பின்னர் தெரிந்தது. நமக்குக் கைரேகை மாதிரி, ஒவ்வொரு திமிங்கலத்துக்கும் தோலில் உள்ள திட்டுகள் வேறு. புகைப்படம் எடுத்து ஒப்பிட்டே அடையாளம் காண்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், அவை இரை தேடும் இடத்திலேயே உலகின் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்றும் செல்கிறது. இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையைச் சுற்றித்தான் சூயஸ் கால்வாய்க்கும் கிழக்காசியாவுக்கும் இடையே சரக்குக் கப்பல்கள் ஓடுகின்றன. மோதினால் திமிங்கலம் பிழைப்பது கஷ்டம். கப்பலில் இருப்பவர்களுக்கு மோதியதே தெரியாமலும் போகலாம்.

ஆராய்ச்சியாளர்கள் படகில் போய்த் திமிங்கலங்களை எண்ணி வரைபடத்தில் குறித்தபோது, ஒரு தீர்வு கிடைத்தது. பாதையை 15 கடல் மைல், அதாவது சுமார் 28 கிலோமீட்டர் தெற்கே தள்ளினால், மோதும் அபாயம் 95 சதவிகிதம் குறையும்! 2022-ல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை அப்படியே விலகிப் போகச் சொன்னது. ஆனால், அது அந்த நிறுவனம் தானாக எடுத்த முடிவு. எல்லாக் கப்பல்களையும் கட்டுப்படுத்தாது.

விலகிப் போவது பெரிய கப்பல்களுக்கு மட்டுமான பாடம் அல்ல. சுற்றுலாப் படகுகள் சூழ்ந்துகொண்டு துரத்தினால், திமிங்கலம் இரையை விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். மிரிஸ்ஸ போகிறவர்கள், 'ரொம்பப் பக்கத்தில் காட்டுகிறோம்' என்று அழைக்கும் படகை விட்டுவிட்டு, தள்ளி நின்று இன்ஜின் வேகத்தைக் குறைக்கும் படகில் ஏறலாம். அவ்வளவு பெரிய உடம்பு, தூரத்திலிருந்தே நன்றாகத் தெரியும்!