தூசியில் இருந்த கடிதங்கள்

பயனற்றவை என்று ஒதுக்கப்பட்டவற்றோடு எத்தனை செய்திகள் அழிந்தன என்பதைத் தமிழ் படித்தவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை ஓமத்தீயில் இட்டுவிட்ட செய்தி கேட்டு உ.வே.சாமிநாதையர் மனம் வருந்தியதை ‘என் சரித்திரம்’ படித்தவர்கள் மறக்க முடியாது. உடலியலிலும் ஏறக்குறைய அப்படியொரு கதை உண்டு. அங்கே ஏடுகள் எரியவில்லை. அவை ஏடுகள் என்று தெரியத்தான் நாளாயிற்று.

1967இல் பீட்டர் உல்ஃப் என்ற ஆய்வாளர், குருதியின் தட்டணுக்களிலிருந்து உதிரும் நுண்துகள்களைக் கண்டு அவற்றைத் ‘தட்டணுத் தூசி’ என்று குறித்தார். 1983இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டோனின் குழு செம்மறியாட்டின் குருதியை ஆராய்ந்தது. முதிரும் சிவப்பணு தனக்கு இனி வேண்டாத புரதத்தைச் சிறுசிறு பைகளில் கட்டி வெளியே தள்ளுவதை அக்குழு கண்டது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸிலும் அதே ஆண்டில் ஒரு குழு இதைக் கண்டது. பின்னர் இப்பைகளுக்கு எக்ஸோசோம் என்ற பெயர் நிலைத்தது. ஆனாலும், இவை உயிரணுவின் குப்பைக்கூடைகள் என்ற எண்ணமே நெடுநாள் நீடித்தது.

அவற்றின் அளவு ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர். எங்கள் திருப்பூர் வட்டாரத்துக்குப் பழகிய அளவில் சொல்வதானால், ஒரு பஞ்சிழையின் குறுக்களவில் நூறுக்கும் மேற்பட்ட பைகளை வரிசையாக அடுக்கிவிடலாம். 2007இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் இந்தப் பைகளுக்குள் ஆர்.என்.ஏ. இருப்பதைக் காட்டினார்கள். எலியின் உயிரணு அனுப்பிய பை மனித உயிரணுவுக்குள் சென்றது. அங்கே எலியின் புரதம் உருவாயிற்று. அனுப்பியவரின் சொல்லைப் பெற்றவர் நிறைவேற்றினார் என்றால், அதைக் கடிதம் என்றல்லாமல் வேறு எப்படி அழைப்பது?

எல்லாக் கடிதமும் நற்செய்தி அல்ல. புற்றுக்கட்டி அனுப்பும் பைகள், நோய் அடுத்துப் பரவவிருக்கும் உறுப்பை முன்கூட்டியே பதப்படுத்துகின்றன என்பதை நியூயார்க்கில் டேவிட் லைடனின் குழு 2015இல் காட்டியது. ஆனால் அந்தக் கடிதத்தை இடைமறித்துப் படித்தால் நோயை முன்பே அறியலாம் அல்லவா? அமெரிக்காவில் அப்படியொரு சிறுநீர்ச் சோதனை வந்துவிட்டது. எக்ஸோசோம்களிலுள்ள மூன்று மரபணுக்களின் ஆர்.என்.ஏ.வை அளந்து, ஐம்பது வயதைக் கடந்த ஆணுக்குப் புராஸ்டேட்டில் ஊசியிட்டுத் திசு எடுக்கத்தான் வேண்டுமா என்று முடிவு செய்ய அது உதவுகிறது.

இவையெல்லாம் நான் கற்கக் காரணம், கணியூரில் இருக்கும் என் தாய்மாமா. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் முப்பது ஆண்டுகள் கட்டிங் மாஸ்டராக நின்றே வேலை பார்த்தவர். முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. நகரத்து மருத்துவமனை ஒன்று எக்ஸோசோம் ஊசி போட்டால் மூட்டு புதிதாக வளரும் என்று துண்டறிக்கை கொடுத்திருந்தது. கறவை மாடுகள் இரண்டையும் விற்றால்தான் கட்டக்கூடிய தொகை. “மாப்ள, இதுல எழுதியிருக்கறது நெசமான்னு பாத்துச் சொல்லு” என்று நீட்டினார்.

துண்டறிக்கையில் பாதி உண்மை. அதுதான் அதன் ஆபத்து. எக்ஸோசோம் இருப்பது உண்மை, செய்தி சுமப்பது உண்மை, ஆய்வு நடப்பது உண்மை. ஆனால் பிறர் எழுதிய கடிதத்தைப் படிப்பது வேறு, அவர் கையெழுத்தில் நாமே எழுதி அனுப்புவது வேறு. ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களிலிருந்து எடுக்கும் பைகள் ஒரு தொகுதியைப் போல் மறுதொகுதி இருப்பதில்லை. எவ்வளவு கொடுப்பது, அவை உடலில் எங்கே போய்ச் சேரும் என்பதும் தீர்ந்தபாடில்லை. 2019 டிசம்பரில், நெப்ராஸ்கா மாநிலத்தில் எக்ஸோசோம் எனப்பட்டவற்றைப் பெற்ற நோயாளிகள் கடும் பாதிப்புக்குள்ளானதையடுத்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பொது எச்சரிக்கை விடுத்தது. அத்தகைய மருந்து எதற்கும் அவ்வமைப்பு ஒப்புதல் தந்ததில்லை என்பதையும் அதில் தெளிவுபடுத்தியது.

“இன்னும் சோதனையிலதானுங்க மாமா இருக்குது” என்றேன். சற்று யோசித்தார். “அப்பச் சாம்பிளே இன்னும் பாஸாவுல, அதுக்குள்ள ப்ரொடக்‌ஷன் போட்டுட்டானுகன்னு சொல்லு” என்றார். நான் படித்த கட்டுரைகள் எதிலும் இவ்வளவு தெளிவாக இது சொல்லப்பட்டிருக்கவில்லை.

மாடுகள் தொழுவத்தில்தான் இருக்கின்றன. முழங்கால் வலியும் இருக்கிறது; வலிக்கிற ஒருவரிடம் பொறுங்கள் என்று சொல்வது எளிதன்று. ஆயினும் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தெளிந்த பிறகே நூலை அச்சுக்குக் கொடுத்த மரபு நம்முடையது. நாமறியாத எழுத்தில் இருக்கும் இந்தக் கடிதங்களுக்கும் அந்தப் பொறுமை வேண்டும். அவற்றைப் படிக்கத் தொடங்கிய தலைமுறையில் நாம் வாழ்கிறோம் என்பதே எனக்குப் பெரிய வியப்பாக இருக்கிறது.