ஆறு மீற்றர் தூரம்

என் உம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று, இன்று கல்முனையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும் 2021ஆம் ஆண்டின் இறுதியில், அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் கண் பிரிவில், ஆறு மீற்றருக்கு அப்பால் தொங்கிய அட்டையின் முன்னே அவரை இருத்தியபோதுதான் அதன் கனத்தை உணர்ந்தேன்.

அட்டையில் இருந்தவை ஆங்கில எழுத்துகள். மேலே பெரிதாய் ஒன்று; கீழே வரவரச் சிறுக்கும் வரிகள். 1862இல் ஸ்நெல்லன் என்னும் ஒல்லாந்து வைத்தியர் வகுத்த முறை. இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு வாசிக்கும்படி தாதி சொன்னார். உம்மா வாய் திறக்கவில்லை. தாதி சற்று உரக்கச் சொன்னார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். உம்மா என் பக்கம் திரும்பி, “எனக்குத் தெரியுது மகன், அத என்னெண்டு சொல்றதுதான் தெரியா” என்றார்.

நாற்பது ஆண்டுகள் மருதமுனையில் தறியின் முன்னிருந்து, அறுந்த இழையைத் தேடி முடிந்த கண்கள் அவை. அந்தச் சேலைகளின் கூலியில்தான் நான் எழுத்துப் படித்தேன்.

எழுத்தறியாதவர்க்கென்றே வேறோர் அட்டை உண்டு. ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்து நாற்றிசையும் திரும்பி நிற்கும். அதன் கால்கள் எப்பக்கம் என்று கையால் காட்டினால் போதும். கேட்டேன். அலுமாரியின் பின்னாலிருந்து தூசியோடு வந்தது. உம்மா விறுவிறென்று காட்டினார். கீழ்வரிகள் வரை பிழையில்லை. வைத்தியர் அத்துடன் விட்டிருந்தால், வாசிக்கத் தெரியாத என் உம்மா ஒரு வாசிப்புக் கண்ணாடியோடு வீடு திரும்பியிருப்பார். நல்லகாலம், அன்றிருந்தவர் அவசரமறியாத இளைஞர்.

அவர் கண்ணினுள்ளிருக்கும் அழுத்தத்தை அளந்தார். இரச அளவில் 10 முதல் 21 மில்லிமீற்றர் வரை இருப்பது வழக்கம். உம்மாவின் வலக்கண்ணில் 30, இடக்கண்ணில் 28. பின்னர் கண்மணியை விரிக்கும் துளிகளை விட்டு, அரைமணி நேரம் விறாந்தையில் காத்திருக்கச் செய்து, ஒளியைப் பாய்ச்சி விழியின் அடித்தளத்தையும் பார்வை நரம்பின் முனையையும் நெடுநேரம் நோக்கினார். உயிருள்ள கண்ணினுள் இவ்வாறு நோக்கும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல்தான் அமைத்தார். ஒளி கண்ணுக்குள் புகுவதாலேயே பார்வை உண்டாகிறது என்று ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நிறுவிய இப்னு ஹைதமின் பெயரை மீலாத் விழா மேடைகளில் முழங்குகிறோம். முழங்குவோரில் எத்தனை பேர் தம் தாயின் கண்ணைக் காட்டியிருக்கிறோம்?

மறுவாரம் பார்வைப் புலச் சோதனை. கிண்ணம் போன்ற வெண்குழிவை நோக்கியிருக்க வேண்டும். எங்கேனும் ஒளிப்புள்ளி தோன்றினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். முடிந்து வந்தவர், “கனநேரமா ஒண்டும் வரல்லயே மகன், மெசின் பழுதோ?” என்று கேட்டார். புள்ளிகள் வந்துகொண்டேதான் இருந்தன.

குளுக்கோமா. வலியின்றி ஓரப் பார்வையைத் தின்று நடுவை நோக்கி வரும் நோய். தின்றது திரும்பாது, எஞ்சியதைத் துளிமருந்தால் காக்கலாம். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளாக உம்மா கதவு நிலையில் தோள் இடித்தார். பக்கத்தில் வைத்த தேநீரைத் தட்டிவிட்டார். “பார்த்து நடக்கத் தெரியாதா?” என்று நான் ஏசியிருக்கிறேன். ஒருமுறையன்று, பலமுறை.

“கண்ணை மாத்தேலாதா?” என்று உறவினர் கேட்டனர். கேட்டதில் நியாயமுண்டு. ஹட்சன் சில்வா 1961இல் கண்தானச் சங்கத்தை நிறுவியதிலிருந்து, இறந்தோர் விழிகளைப் பாகிஸ்தான் முதலான நாடுகளுக்கெல்லாம் அனுப்பிவரும் நாடு இது. ஆனால் மாற்றக்கூடியது முன்னிருக்கும் கருவிழிப் படலம். பின்னிருக்கும் நரம்பை மாற்ற வழியில்லை.

துளிமருந்து இரவுதோறும் ஒன்று. 2022இல் நாடு கடனில் மூழ்கி மருந்துகள் அருகியபோது, வைத்தியசாலையில் இல்லை என்றார்கள். பாமசி பாமசியாக அலைந்தேன். பெற்றோலுக்கும் வரிசை. கிடைத்த போத்தலின் விலையைச் சொன்னால் உம்மா வேண்டாமென்பார் என்று பொய் சொன்னேன். திறந்து நான்கு கிழமையில் எறியவேண்டிய போத்தலை ஏழு கிழமை வைத்திருந்தோம். ஒரு கண்ணுக்கு மட்டும் விட்ட இரவுகளும் உண்டு. அடுத்த சோதனைத் தாளில் கருமை சற்று விரிந்திருந்தது. அந்த விரிவு எவருடைய கணக்கில் எழுதப்படும்? மருந்துக்குப் பணமில்லை என்ற அரசாங்கம் என் உம்மாவின் வலக்கண்ணை எந்தக் கடனுக்கு ஈடாக எடுத்தது என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெற்றோருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைகளும் தம் கண்களைக் காட்டவேண்டும் என்று வைத்தியர் எழுதித் தந்தார். நான் போய் அதே அட்டையின் முன் அமர்ந்து எழுத்துகளைக் கடகடவென வாசித்தேன். அழுத்தமும் நரம்பும் இப்போதைக்குக் குறையில்லை. ராத்தா இன்னும் வரவில்லை. அவரும் தறியில்தான் இருக்கிறார். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். பெருநாள் வேலை முடியட்டும் என்கிறார். தம் கிளினிக் கொப்பியை உம்மா அவர் தறியின் மேல் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.