திரை சொன்ன பொய்

அம்மாவுக்கு 79 வயது. மும்பை மாட்டுங்காவில் எங்களோடு இருக்கிறார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என ரத்த அழுத்தத்துக்கு மாத்திரைகள். போட்டுக்கொண்டதும் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். வங்கியில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பொழுதுபோக்காக மின்னணுப் பலகைகளைக் குடைந்துகொண்டிருந்த எனக்கு இது கற்கால வழக்கமாகப் பட்டது.

2023 மழைக்காலத்தில் ஒருநாள் லாமிங்டன் ரோடுக்குப் போனேன். தீப்பெட்டிக்குள் அடங்கும் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் பலகை, பெயர் தெரியாத நகல். ஓர் அங்குலத்துக்கும் குறைவான ஓஎல்இடி திரை. நேரம் காட்ட ஒரு கடிகாரச் சிப். ஒரு பொத்தான். திட்டம் எளிது. இரவு 9 மணிக்குத் திரையில் 'இரவு மாத்திரை' என்று வரும். அம்மா போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினால் 'சாப்பிட்டாச்சு' என்று மாறும்.

ஆங்கில எழுத்துகள் தயாராகக் கிடைத்தன. தமிழை நானே கட்டத்தாளில் புள்ளி புள்ளியாக வரைந்தேன். எழுத்துக்கு 16க்கு 16 புள்ளி, அதாவது 32 பைட். 'ரை'யின் கொம்பு கட்டத்துக்குள் அடங்க ஒரு மாலை பிடித்தது.

முதலில் நாலைந்து எழுத்துகள் அழகாக வந்தன. 20 ஆனதும் திரையின் கீழ்ப்பகுதியில் புள்ளிகள் மழைப்பூச்சிபோல் மொய்த்தன. கம்பிகளை மாற்றினேன். வேறு திரை வாங்கினேன். கடைக்காரரை மனத்துக்குள் திட்டவும் செய்தேன்.

குற்றம் என் கணக்கில் இருந்தது. அந்தச் சிப்பில் புரோகிராமை வைக்க 32 கிலோபைட் உண்டு. ஆனால் ஓடும்போது எழுதிப் பார்க்கும் நினைவகம் வெறும் 2,048 பைட். திரையில் 128க்கு 64 புள்ளிகள். அந்தப் படத்தை வைத்துக்கொள்ள மட்டும் 1,024 பைட் போய்விடும். என் எழுத்துகளுக்கு 640. மீதியில்தான் மற்ற வேலைகள் அத்தனையும் நடக்க வேண்டும். திரைக்கான 1,024 பைட் ஓடத் தொடங்கிய பிறகே ஒதுக்கப்படுவதால், புரோகிராமைத் தயாரிக்கும்போது கம்ப்யூட்டர் காட்டும் இருப்பில் அந்தச் செலவு சேர்வதில்லை. அந்த எண்ணைப் பார்த்து நான் நிம்மதியாக இருந்தேன். இடம் போதாமல், வேலைக் குறிப்புகள் படத்தின் கடைசி வரிகள்மேல் விழுந்தன. அவைதான் பூச்சிகள். மாறாத எழுத்துகளைப் புரோகிராம் இருக்கும் இடத்திலேயே வைத்துப் படிக்கும்படி மாற்றினேன். பூச்சிகள் பறந்துவிட்டன.

அடுத்த தொல்லை, சில நாட்களுக்கு ஒருமுறை எல்லாம் அப்படியே நின்றுபோனது. அதற்கும் சிப்பிலேயே வழி உண்டு. வாட்ச்டாக் என்று பெயர். எட்டு விநாடி புரோகிராமிடமிருந்து குரல் வராவிட்டால், இந்தக் காவல் நாய் சிப்பை மறுபடி முதலிலிருந்து ஓட வைக்கும். அதையும் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து, இரவு பத்து மணிக்கு அம்மா என் அறைக்கு வந்தார்.

"ஏண்டா, நான் போட்டுண்டு பொத்தானையும் அழுத்திட்டேன். காலண்டர்ல புள்ளியும் வெச்சிருக்கேன். அது இன்னும் போடச் சொல்றதே. எதை நம்பறது?"

போய்ப் பார்த்தேன். 'இரவு மாத்திரை' பளிச்சென்று ஒளிர்ந்தது. கடிகாரம் 9.04இல் நின்றிருந்தது. பலகையின் சிறு விளக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. இணைப்பைப் பிடுங்கிச் செருகியதும் எல்லாம் சரியானது. எனக்குத்தான் தூக்கம் போனது. அந்தப் புள்ளி இல்லாமலிருந்தால் அம்மா இன்னொரு மாத்திரை போட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டு நாள் படித்த பிறகு காரணம் புரிந்தது. சிப் விழித்ததும் முதலில் ஓடுவது பூட்லோடர் என்ற குட்டிப் புரோகிராம். கேபிள் வழியாகப் புதிய புரோகிராம் வருகிறதா என்று சற்று நேரம் பார்த்துவிட்டு, நம் புரோகிராமிடம் பொறுப்பைக் கொடுக்கும். வாட்ச்டாக் எழுப்பிவிட்ட சிப்பில் அந்த நாய் அடங்குவதில்லை. எட்டு விநாடிக்குப் பதில் சுமார் 16 மில்லி விநாடிதான் பொறுக்கும். என் பலகையில் இருந்த பழைய பூட்லோடருக்கு நாயைக் கட்டத் தெரியாது. அது வாசலில் காத்திருக்கும்போதே நாய் குரைக்கும்; மறுபடி முதலிலிருந்து. விளக்கின் நடுக்கம் அதுதான். திரைக்கோ சொந்த நினைவகம் உண்டு. மூளை சுற்றிக்கொண்டிருந்தாலும் கடைசியாகச் சொன்னதையே அது காட்டிக்கொண்டிருக்கும்.

பூட்லோடர் தன்னைத்தானே திருத்திக்கொள்ளாது. வெளியிலிருந்துதான் எழுத வேண்டும். இன்னொரு பலகையை ஆறு கம்பிகளால் இணைத்து, ஆப்டிபூட் என்ற புதிய பூட்லோடரை ஏற்றினேன். அது 512 பைட்தான். ஆனால் விழித்ததும் நாயைக் கட்டிவிடுகிறது. புரோகிராமை வேண்டுமென்றே நிற்க வைத்துச் சோதித்தேன். எட்டு விநாடியில் எழுந்து உட்கார்ந்தது. தளர்ந்திருந்த திரைக் கம்பியைச் சால்டர் செய்தேன். கடிகாரத்தில் விநாடியும் ஓடும்படி மாற்றி, "விநாடி நகரலைன்னா அது சொல்றதை நம்பாதே" என்று அம்மாவிடம் சொன்னேன்.

கறுத்துப்போன திரையைப் பார்த்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். நின்றுபோன பிறகும் ஒளிரும் திரைதான் ஆபத்து. பூச்சிகள் மொய்த்தபோது நான் ஒரு வாரம் தேடினேன். சுத்தமான தமிழில் பொய் சொன்னபோது அம்மாதான் கண்டுபிடித்தார்.

கருவி இப்போது ஒழுங்காக ஓடுகிறது. அம்மா பொத்தானை அழுத்துகிறார், பிறகு காலண்டரில் புள்ளியும் வைக்கிறார். பென்சிலைச் சீவிக் கொடுப்பது இப்போது என் வேலை.