காதில் ரேடியோ, காலில் 3,500 கிலோமீட்டர்

ஒற்றையடிப் பாதையின் நடுவே பெரியவர் ஒருவர் அசையாமல் நின்றிருந்தார். முதுகில் பெரிய மூட்டை, தலையில் வெளுத்துப்போன நீலத் தொப்பி, நீட்டிய கையில் சிகரெட் பெட்டி அளவுக்கு ஒரு ரேடியோ. வழி கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். விரலை உதட்டில் வைத்து அடக்கினார். ஏதோ முக்கியச் செய்தி போலிருக்கிறது என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரேடியோவில் மெத்தை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நிலையம் கிடைத்துவிட்டது என்பதற்கே அவருக்கு அத்தனை சந்தோஷம்.

2004 ஜூலை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்குள் அடைந்து கிடப்பானேன் என்று அருகிலிருந்த சாலிஸ்பரி ஊரிலிருந்து மலையேறக் கிளம்பினேன். லயன்ஸ் ஹெட் என்ற பாறை முனைக்குப் போய்விட்டு மாலையில் திரும்புவதாகத்தான் திட்டம். மெத்தை விளம்பரத்தால் அது ஆறு நாள் நடையாக மாறியது.

அந்தப் பாதை அப்பலாச்சியன் ட்ரெயில். தெற்கே ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, வடக்கே மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரத்தில் முடிகிறது. நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர். பென்டன் மெக்கே என்பவர் 1921இல் இப்படி ஒரு பாதை வேண்டும் என்று எழுதினார். 1937இல் பாதை முழுமை பெற்றது. முழுவதையும் ஒரே வீச்சில் நடக்க முடியும் என்று யாரும் நம்பாதபோது, 1948இல் எர்ல் ஷாஃபர் என்ற முன்னாள் ராணுவத்தார் நடந்து காட்டினார். இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் கிளம்புகிறார்கள். நான்கில் ஒருவர்தான் போய்ச் சேருகிறார். மரங்களில் வெள்ளைப் பட்டை அடித்திருப்பார்கள், அதுதான் வழிகாட்டி. இரவு தங்க, மூன்று பக்கம் மட்டும் சுவர் உள்ள மரக் கொட்டகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நோட்டுப் புத்தகம். வருகிறவர்கள் மழை, கரடி, கால் கொப்புளம் என்று மனதில் உள்ளதையெல்லாம் அதில் கொட்டிவிட்டுப் போகிறார்கள்.

பெரியவர் மாசசூசெட்ஸில் வுஸ்டர் நகரத்துக்காரர். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மார்ச் கடைசியில் ஜார்ஜியாவில் கால் வைத்தவர், நான் பார்த்தபோது 2,400 கிலோமீட்டர் முடித்திருந்தார். தொப்பி, பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியுடையது.

நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியிராத வியாதி இது. டீக்கடை வாசலில் டிரான்சிஸ்டரைச் சுற்றி நின்று ஸ்கோர் கேட்டவர்கள்தானே நாம். ஆனால் பேஸ்பால் கிரிக்கெட்டைப் போல வந்து வந்து போகிற திருவிழா அல்ல, தினசரிச் சாப்பாடு. ஒரு சீசனில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் கடைசி வரை, ஏறக்குறைய தினமும். பிறகு அக்டோபரில் பட்டத்துக்கான போட்டிகள். அப்பலாச்சியன் பாதையை முழுதாக நடக்கவும் ஐந்திலிருந்து ஏழு மாதம் ஆகிறது. குளிர் குறையும்போது தெற்கில் கிளம்பி, வடக்கில் இலை சிவக்கும்போது முடிக்க வேண்டும். பேஸ்பால் சீசனையும் இந்த நடையையும் ஒரே ஆள் உட்கார்ந்து திட்டமிட்டாற்போல இருக்கும். இரண்டிலும் ஒரு நாள் மோசமாகப் போனால் பெரிய நஷ்டமில்லை. மறுநாள் எழுந்து மறுபடி ஆட வேண்டும், அல்லது நடக்க வேண்டும்.

"உங்களுக்கு எத்தனை வயதிலிருந்து இந்தப் பைத்தியம்?" என்று கேட்டேன்.

"எனக்கா? பைத்தியம் என் மனைவிக்குத்தான். நான் வெறும் மாப்பிள்ளை" என்றார்.

மனைவிக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, நடக்க முடியாது. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து போவதாகப் பேசிவந்த பாதை இது. நீ போ, ஆனால் ஆட்டத்தைக் கைவிடக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. வீட்டுச் சமையலறைச் சுவரில் பாதையின் வரைபடத்தை மாட்டி, கணவர் ஊர் ஊராகக் கூப்பிடும்போது குண்டூசியை நகர்த்துகிறார். பதிலுக்கு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடுத்த ஊர்த் தபாலாபீசுக்கு ஒரு பார்சல். ஓட்ஸ், உலர்பழம், காலுறை, கூடவே தினசரியிலிருந்து வெட்டிய பாக்ஸ் ஸ்கோர்கள், தேதிவாரியாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு.

ஒரு முழு ஆட்டத்தையும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கட்டத்துக்குள் அடக்கிவிடும் அட்டவணை அது. யார் எத்தனை முறை மட்டை பிடித்தார், எத்தனை ரன், எந்த பிட்ச்சர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தார் என்று எல்லாம் இருக்கும். அதை 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிப் பரப்பியவர் ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையைப் பார்த்துத்தான் செய்தார். இதைச் சொன்னதும் பெரியவர் என்னைச் சற்று மரியாதையாகப் பார்த்தார்.

கட்டங்களின் ஓரத்தில் மனைவி பென்சிலால் எழுதுவார். "இவனை ஏன் எட்டாவது இன்னிங்ஸில் போட்டார்கள்?" "மழை, இரண்டு மணி நேரம் காத்திருந்தேன்." "தோட்டத்தில் தக்காளி வந்துவிட்டது." தொலைபேசியில் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று இருவருக்கும் ஒப்பந்தம். பேசினால் பார்சலில் சுவாரஸ்யம் போய்விடுமாம். ரேடியோவில் பிடிபடுவது நான்கில் ஓர் ஆட்டம். மற்றவை மூன்று வாரம் பழசாகி, தக்காளி விவரத்தோடு வந்து சேரும்.

ரேடியோ பிடிப்பதே தனிக் கலை. மீடியம் வேவ் அலைகளைப் பகலில் வான்மண்டலத்தின் கீழடுக்கு விழுங்கிவிடுகிறது. இருட்டியதும் அந்த அடுக்கு கலைந்துவிட, அலைகள் மேலடுக்கில் மோதித் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து விழுகின்றன. டென்னஸி மலைகளில் படுத்துக்கொண்டு சின்சினாட்டியின் 50,000 வாட் நிலையத்தைக் கேட்டிருக்கிறார். அது வேறு அணியின் ஆட்டம். ஆனால் நடுநடுவே மற்ற ஊர் ஸ்கோர்களும் சொல்வார்கள். 'பாஸ்டன் 5' என்ற இரண்டு சொல்லுக்காக முன்பின் தெரியாத அணிகளின் மூன்று மணி நேர ஆட்டத்தைக் கேட்டுக் கிடப்பார். அவருடைய ஒரே ஆடம்பரச் செலவு பேட்டரி.

இந்த விஷயத்தில் அவர் முன்னோடி அல்ல. ஸ்டீபன் கிங் 1999இல் எழுதிய ஒரு நாவலில், இதே பாதையில் மெய்ன் காட்டுப் பக்கம் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வழி தவறிவிடுகிறாள். வாக்மேனில் ரெட் சாக்ஸ் ஆட்டம் கேட்டுக் கேட்டுத்தான் உயிர் பிடித்திருக்கிறாள். அவளுடைய ஆதர்சம் டாம் கார்டன் என்ற நிஜ பிட்ச்சர். அந்தப் புத்தகமும் ஒரு பார்சலில் வந்ததாம். சுமையைக் குறைக்க, படித்த பக்கங்களைக் கிழித்துக் கொட்டகை கொட்டகையாக விட்டுவந்தார். பின்னால் வந்தவர்கள் அத்தியாயம் அத்தியாயமாகப் பொறுக்கிப் படித்திருப்பார்கள்.

ஜூலை 24, சனிக்கிழமை. எவரெட் மலையைத் தாண்டி மாசசூசெட்ஸின் ஷெஃபீல்ட் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். பாஸ்டனில் பரம எதிரி நியூயார்க் யாங்கீஸுடன் ஆட்டம். ரெட் சாக்ஸ் கடைசியாகப் பட்டம் வென்றது 1918இல். அடுத்த ஆண்டுகளில் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்றார்கள். அப்புறம் யாங்கீஸ் இருபதுக்கு மேற்பட்ட பட்டங்களைக் குவித்தது, பாஸ்டன் ஒன்றுகூட இல்லை. தாத்தா, அப்பா, பேரன் என்று சொத்தைப் போலத் தோல்வியைக் கைமாற்றிக்கொண்டிருந்த ஊர் அது.

மழையால் தாமதமாகத் தொடங்கியது. மூன்றாவது இன்னிங்ஸில் பந்து மேலே பட்டதில் யாங்கீஸின் அலெக்ஸ் ரோட்ரிகஸ் கோபப்பட, பாஸ்டனின் ஜேசன் வாரிடெக் கையுறையோடு அவர் முகத்தில் தள்ள, இரண்டு அணிகளும் மைதானத்தில் புரண்டன. பெரியவர் ஒரு பாறையில் உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைகளின் சண்டையைக் கேட்ட ஆசிரியராகத் தலையில் அடித்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு. அணி பின்தங்கியது, நெருங்கியது, மறுபடி பின்தங்கியது. ஒன்பதாவது இன்னிங்ஸ் வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இங்கேதான் வந்தது வினை. அமெரிக்காவில் பல சிறிய ரேடியோ நிலையங்கள் சூரியன் மறைந்ததும் சக்தியைக் குறைத்தாக வேண்டும். இருட்டில் அலைகள் தூரம் போய் மற்ற நிலையங்களோடு மோதும் என்பதால் அப்படி ஒரு விதி. எங்கள் நிலையம் மெல்லத் தேய்ந்தது. அதன் மேல் ஒரு பாதிரியார் ஏறினார், அவர்மேல் ஸ்பானிஷ் பாட்டு. யாங்கீஸ் முன்னிலையில். பந்து வீச வந்திருப்பவர் மரியானோ ரிவேரா, ஆட்டத்தை முடித்துவைப்பதில் உலகிலேயே சிறந்தவர். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

பெரியவர் ரேடியோவோடு கொட்டகையைச் சுற்றி நடந்தார். மரத்தில் கம்பி கட்டிப் பார்த்தார். பிறகு பேசாமல் படுத்துவிட்டார். "தோற்றிருக்கும்" என்றேன் ஆறுதலாக. எப்படிப்பட்ட ஆறுதல் பாருங்கள்! அவர் பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை பள்ளத்தாக்கில் இறங்கினோம். வயல் ஓரத்தில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. கடன் தாளாமல் விவசாயிகள் நடத்திய ஷேய்ஸ் கலகத்தின் கடைசிச் சண்டை 1787இல் நடந்த இடம். சாதாரண நாளாயிருந்தால் அரை மணி நேரம் வகுப்பெடுத்திருப்பார். அன்று திரும்பியே பார்க்கவில்லை. நெடுஞ்சாலையை அடைந்தபோது எதிரே வந்த வண்டிக்காரர் தொப்பியைப் பார்த்து ஹாரன் அடித்தார். கண்ணாடியை இறக்கி ஒரே ஒரு சொல் கத்திவிட்டுப் போனார்: "மில்லர்!"

பில் மில்லர். பெயரை எழுதுவது 'முல்லர்' மாதிரி, சொல்வது மில்லர். ரிவேராவின் பந்தில் ஹோம் ரன் அடித்து 11-10 என்று ஆட்டத்தை முடித்தவர். அந்த எண்கள் எங்களுக்கு அப்போது தெரியாது, பெயர் போதுமானதாக இருந்தது. பெரியவர் மூட்டையோடு சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் கடையில் செய்தித்தாள் வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன். சட்டையைப் பிடித்து இழுத்தார். "வேண்டாம். அவள் அனுப்புவாள்."

டால்டன் ஊரில் நான் கழன்றுகொண்டேன். பக்கத்து ஊரான பிட்ஸ்ஃபீல்டில் 1791இல், புதிய சபைக் கூடத்தின் ஜன்னல் உடையாமலிருக்க 80 கஜத்துக்குள் பேஸ்பால் ஆடக் கூடாது என்று விதி போட்டிருந்தார்கள். அந்த ஆவணம் வெளிச்சத்துக்கு வந்தது நாங்கள் போவதற்கு இரண்டு மாதம் முன்புதான். பெரியவர் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். தபாலாபீசில் பார்சல் தயாராக இருந்தது. ஜூலை 24 அதில் இல்லை. அதற்கு முன்பே கட்டி அனுப்பிவிட்டிருந்தார்.

பிறகு நடந்ததெல்லாம் கடிதங்கள் மூலம் புனேவுக்கு வந்த கதை. ஜூலை 31இல் நோமார் கார்சியாபாராவை, பாஸ்டனின் செல்லப்பிள்ளையை, வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு அது வெர்மான்ட் காட்டில் எட்டு நாள் கழித்துத் தெரிந்தது. அந்த வாரக் கட்டங்களின் ஓரத்தில் மனைவி ஒரு வரிகூட எழுதவில்லையாம். அதே நாளில் டேவ் ராபர்ட்ஸ் என்ற வேகமான ஓட்டக்காரர் ஒருவர் வந்து சேர்ந்ததை இருவருமே கவனிக்கவில்லை. நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில் முழங்கால் வீங்கி மூன்று வாரம் போயிற்று. அக்டோபர் நடுவில் மெய்னின் மான்சன் ஊரை அடைந்தார். கட்டாடினுக்கு இன்னும் சுமார் 180 கிலோமீட்டர். நடுவே கடை கண்ணி இல்லாத காடு. பனி தொடங்கிவிட்டது, சிகரத்தின் பூங்காவிலும் முகாம்களை மூடும் நேரம். அக்டோபர் 16 இரவு ரெட் சாக்ஸ் யாங்கீஸிடம் 19-8 என்று உதை வாங்கி, ஏழு ஆட்டத் தொடரில் 0-3 என்று நின்றது. பேஸ்பால் வரலாற்றில் அந்த நிலையிலிருந்து எந்த அணியும் மீண்டதில்லை. காலையில் வீட்டுக்குப் போன் செய்தார். ஒப்பந்தத்தை மீறி இருவரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். பேசி முடித்ததும் வண்டி பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றிரவு சமையலறையில், குண்டூசி குத்திய வரைபடத்தின் கீழே, இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸ், அதே ரிவேரா, தோல்வி வாசலில். ராபர்ட்ஸ் ஒரு தளத்தைத் திருடி ஓடினார். நள்ளிரவு தாண்டி டேவிட் ஆர்ட்டிஸ் அடித்த ஹோம் ரன்னில் ஆட்டம் முடிந்தது. அடுத்த ஆட்டம் 14 இன்னிங்ஸ் நீண்டது. அதில் ஆர்ட்டிஸ் ஒரு ஹோம் ரன்னை டாம் கார்டனின் பந்தில் அடித்தார். நாவல் சிறுமியின் ஆதர்சம் அப்போது யாங்கீஸுக்கு வீசிக்கொண்டிருந்தார்! நான்கு ஆட்டங்களையும் வென்ற பாஸ்டன், அக்டோபர் 27இல், சந்திர கிரகணத்தன்று, 86 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம் வென்றது. அதற்குப் பின் 2007, 2013, 2018 என்று மேலும் மூன்று. இப்போது பாதையின் பல இடங்களில் செல்பேசியிலேயே ஆட்டம் கேட்கிறார்கள்.

2005 கோடையில் அவர் மான்சனுக்குத் திரும்பிப் போய் மிச்சத்தை நடந்து கட்டாடின் ஏறினார். ரேடியோ கொண்டுபோகவில்லை. மனைவி வாங்கி வைத்துக்கொண்டாராம், வந்து படித்துக்கொள்ளலாம் என்று. இதை எழுதிய கடிதத்தோடு ஜூலை 24, 2004 ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோர் பிரதி ஒன்றையும் வைத்திருந்தார். அதன் ஓரத்தில் பென்சில் எழுத்து: "இதையாவது முழுதாகக் கேட்டாயா?"