திங்கட்கிழமை கட்டம்

செப்டம்பர் 18, 2023, திங்கள்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை வேலை முடிந்ததும் டெல்லிக்குத் திட்டம் போட உட்கார்ந்தேன். ஜூன் மாதமே தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டதோடு சரி, எங்கெங்கே போவது என்று வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. சனி, ஞாயிறு, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் காந்தி ஜெயந்தித் திங்கள். மகளின் நோட்டில் மூன்று கட்டம் போட்டேன். திங்களன்று கூட்டம் குறைந்திருக்கும் என்று நானே முடிவு செய்து செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில் மூன்றையும் அதில் எழுதினேன்.

செப்டம்பர் 20, புதன்

ஆபீசில் டெல்லியில் இருந்துவிட்டு வந்தவர் ஒருவர் உண்டு. நோட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “மேடம், இந்த மூணுமே திங்கக்கிழமை லீவு.” அக்ஷர்தாமும் அப்படியாம். சாந்தினி சவுக் கடைகளுக்கு ஞாயிறு, சரோஜினி நகருக்குத் திங்கள், தாஜ்மகாலுக்கு வெள்ளி. சலூனுக்குச் செவ்வாய் என்பது சின்ன வயதிலிருந்தே தெரியும். கோட்டைக்கும் கிழமை உண்டென்று நாற்பத்தாறு வயதில்தான் தெரிகிறது. விடுமுறை என்று சேர்த்துக் கொடுத்த அந்த ஒரு நாள்தான் ஊர் கதவைச் சாத்தும் நாள்!

செப்டம்பர் 24, ஞாயிறு

ரப்பர் பாதி தேய்ந்துவிட்டது. ஞாயிறன்று ஆக்ரா போய் வந்துவிடலாம் என்றாள் மகள். போக வர ஒரு முழு நாள் போய்விடும் என்று அடித்துவிட்டேன். ராத்திரி சாப்பிடும்போது அவள் என்னோடு பேசவில்லை.

திங்களன்று திறந்திருப்பவை குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும். அன்று காலை ராஜ்காட்டுக்குத் தலைவர்கள் வருவார்கள், நாம் சாயங்காலம் போகலாம் என்று கடைசியில் எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்து, “ஆர்.கே.புரம் மலை மந்திர் எங்கடி?” என்றாள்.

“இங்க இல்லாத முருகனா பாட்டி?”

“அவன் அங்க தனியா இருக்கான்டி.”

இதற்கு மேல் என்ன பேசுவது? திங்கள் காலை முதல் வரியாக முருகனை எழுதினேன்.

செப்டம்பர் 30, சனி

செங்கோட்டை. இந்தியாவே திங்கட்கிழமையை அடித்துவிட்டுச் சனிக்கிழமையில் எழுதியிருக்கிறது போல. டிக்கெட்டுக்கு ஒரு வரிசை, சோதனைக்கு ஒரு வரிசை, அதிலும் பெண்களுக்குத் தனி வரிசை. லாகூர் வாசலைத் தாண்டி உள்ளே போனதும் கூரை போட்ட கடைத்தெரு. அம்மா ஒரு கடை வாசலில் உட்கார்ந்தவள், திவானி ஆமைப் பார்த்துவிட்டு நாங்கள் திரும்பும்வரை எழுந்திருக்கவில்லை. அருங்காட்சியகத்தை அங்கேயே கைவிட்டோம்.

அக்டோபர் 1, ஞாயிறு

தாமரைக் கோயில். தரியாகஞ்ச் பழைய புத்தகச் சந்தை. கால் வலி.

அக்டோபர் 2, திங்கள்

முருகன் தனியாகவெல்லாம் இல்லை. சன்னிதி முழுக்கத் தமிழ்க் குரல். அம்மாவுக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

குதுப் மினாரின் உள்ளே 379 படி. 1981 நெரிசலில் பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தபின் யாரையும் ஏறவிடுவதில்லை. பக்கத்தில் அந்த இரும்புத் தூண், ஏழு மீட்டருக்குச் சற்று மேல். ஆயிரத்து அறுநூறு வருஷ வெயிலும் மழையும் பார்த்தது. இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அது மேலே மெல்லிய படலமாகப் படிந்து துருவைத் தடுக்கிறது என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலிக்கு இப்பால் நின்ற அம்மா, “நம்ம கேட்டுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கறோம்” என்றாள்.

ஹுமாயூன் கல்லறைக்குப் போகும்போது மணி மூன்று தாண்டிவிட்டது. கட்டியவர் ஹுமாயூனின் மனைவி பேகா பேகம், அதுவும் தாஜ்மகாலுக்கு ஏறத்தாழ அறுபது வருஷம் முன்பே என்றேன். “அப்ப இதுதான் ஒரிஜினல்” என்று சொல்லி மகள் நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். அம்மா புல்வெளியில் காலை நீட்டிவிட்டாள். எழுப்ப மனசு வரவில்லை. வெளிச்சம் குறைந்தபோது ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடிக்கத்தான் நேரம் இருந்தது.

ரயில் கிளம்பியபின் அம்மா கேட்டாள்: “காந்தி லீவுலதானே வந்தோம்? அவரப் பாக்கவே இல்லியேடி.”