மாணவியும் ஓர் அமானிதமே

செவிலியர் கல்லூரி மாணவிகளை மருத்துவமனை வார்டுக்கு அழைத்துச் சென்று, நோயாளியின் படுக்கையருகே நின்று தொழிலைக் கற்றுக்கொடுப்பவரைக் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் என்கிறோம். வகுப்பறையில் ஒரு மாணவி தவறு செய்தால் மதிப்பெண் குறையும். வார்டில் தவறு செய்தால் அதைச் சுமப்பவர், அவளை நம்பிக் கையை நீட்டிய நோயாளி. அல்லாஹ்வின் கிருபையால் பல ஆண்டுகளாக நான் இப்பணியில் இருக்கிறேன். சிறந்த பயிற்றுநருக்கு என்ன தகுதி வேண்டும் என்று இளைய ஆசிரியைகள் கேட்பதுண்டு. என் விடை இரண்டு நிகழ்ச்சிகளில் இருக்கிறது. ஒன்றில் நான் மாணவி, மற்றொன்றில் ஆசிரியை.

இரண்டாம் ஆண்டு படித்தபோது, சர்க்கரை நோயாளியான ஒரு பெரியவருக்குக் காலை உணவுக்கு முன் 12 யூனிட் இன்சுலின் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. நம் நாட்டில் இன்சுலின் புட்டிகள் இருவகை: ஒரு மில்லி லிட்டரில் 40 யூனிட் உள்ளவை, 100 யூனிட் உள்ளவை. முதல் வகைக்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி. எங்கள் கை பழகியது சிவப்பு மூடிக்கு மட்டுமே. அன்று அவருடைய பிள்ளைகள் வெளியிலிருந்து வாங்கி வந்திருந்ததோ 100 யூனிட் புட்டி. அதைக் கவனியாமல், சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 12 என்ற கோடுவரை மருந்தை இழுத்துவிட்டேன். அந்த அளவு உண்மையில் 30 யூனிட். போட்டிருந்தால், இரத்தத்தில் சர்க்கரை வேகமாக இறங்கி அவர் நினைவிழந்திருக்கக்கூடும்.

எப்போதும் எங்கள் தோளுக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் ஆசிரியை என் மணிக்கட்டை மெல்லத் தொட்டார். “ஐயா, ஒரு நிமிடம். வேறு ஊசி எடுத்து வருகிறோம்” என்று பெரியவரிடம் புன்னகையுடன் கூறிவிட்டு, என்னை மருந்தறைக்கு அழைத்துச் சென்றார். புட்டியையும் சிரிஞ்சையும் மேசைமேல் அருகருகே வைத்து, “இரண்டிலும் எழுதியிருப்பதை வாசிம்மா” என்றார். வாசித்தேன், கை நடுங்கியது. ஒரு தாளைக் கொடுத்து அளவைக் கணக்கிடச் சொன்னார். விடை சரியாக வரும்வரை விடவில்லை. பிறகு, “இப்போது நீயே போய்ப் போடு. நான் உடன் வருகிறேன்” என்றார்.

அன்று மாலை, நூலிழையில் தப்பிய அந்தத் தவற்றை வார்டுப் பதிவேட்டில் அவர் தம் கையாலேயே எழுதினார். இருவகைச் சிரிஞ்சுகளையும் மாணவிகளுக்கு முன்கூட்டியே காட்டித் தராதது தமது குறை என்பதே அதன் முதல் வரி. என் பெயர் அதற்குப் பின்னரே வந்தது.

ஆண்டுகள் கழிந்து நானும் ஆசிரியையானேன். அவருடைய கண்டிப்பை எடுத்துக்கொண்டேன், கனிவை மறந்துவிட்டேன். பிரசவ வார்டில் ஒரு மாணவி வந்து, “இரத்த அழுத்தம் பார்க்கும்போது சத்தம் சரியாகக் கேட்கவில்லை, மேடம்” என்றாள். நோயாளிகளும் உறவினர்களும் பார்த்திருக்க, “மூன்றாம் ஆண்டு வந்தும் இதுகூடத் தெரியாதா?” என்று கடிந்துகொண்டேன். தலைகுனிந்து சென்றாள். அதன்பின் அவள் எதையும் கேட்கவில்லை. கற்றுக்கொண்டுவிட்டாள் என்றே நான் எண்ணினேன்.

மறுவாரம், முந்தைய நாள் பிள்ளை பெற்ற ஒரு தாயின் குறிப்பேட்டில் அவள் 120/80 என்று எழுதியிருந்தாள். அந்தத் தாயோ தலைவலி தாங்காமல் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஐயுற்று நானே அளந்தேன்: 160/110. பிள்ளை பெற்ற பின்னரும் இந்த அளவு அழுத்தம் வலிப்பில் கொண்டுபோய்விடக் கூடும். மருத்துவர் விரைந்து வந்தார். அல்ஹம்துலில்லாஹ், தாய்க்கு ஒன்றும் நேரவில்லை.

மாணவியைத் தனியே அழைத்துக் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னாள்: “சத்தம் கேட்கவில்லை, மேடம். மறுபடியும் வந்து சொன்னால் எல்லார் முன்னாலும் திட்டுவீர்கள் என்று பயந்து, நானாக எழுதிவிட்டேன்.”

பொய்யான அளவை எழுதியது அவள் குற்றம். அதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். ஆனால் உண்மையைச் சொல்ல வரும் வழியை அடைத்தவள் நான். அன்றிரவு இஷாவுக்குப் பின் முஸல்லாவிலிருந்து எழ மனம் வரவில்லை. நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் நாம் பலமுறை கேட்டறிந்த இரு நிகழ்ச்சிகள் அப்போது நினைவுக்கு வந்தன.

பள்ளிவாசலில் அவசர அவசரமாகத் தொழுத ஒருவரை, அத்தொழுகை நிறைவேறவில்லை என்று கூறி மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள் நபியவர்கள். இதைவிட நன்றாகத் தமக்குத் தெரியாது, கற்றுத்தாருங்கள் என்று அவரே வேண்டியபோது, ஒவ்வொரு நிலையிலும் நிதானித்துத் தொழும் முறையைப் படிப்படியாகக் கற்பித்தார்கள். குறையுள்ள வேலையை, போகட்டும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. மற்றொரு நாள், முஆவியா இப்னு ஹகம் (ரலி) அவர்கள் அறியாமல் தொழுகையின் நடுவே பேசிவிட்டார்கள். சுற்றியிருந்தோர் முறைத்தார்கள். தொழுகை முடிந்ததும் நபியவர்கள் அவரை ஏசவுமில்லை, அடிக்கவுமில்லை. தொழுகையில் மனிதப் பேச்சு கூடாது என்பதை எளிமையாக விளக்கினார்கள். அவருக்கு முன்னும் பின்னும் அத்தகைய ஆசிரியரைத் தாம் கண்டதில்லை என்று அந்தத் தோழர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம்.

வேலையில் விட்டுக்கொடாத உறுதி. வேலை செய்பவரிடம் இரக்கம். என் ஆசிரியையிடம் இரண்டும் இருந்தன. என்னிடம் இருந்தது பாதிதான்.

மறுநாள், எந்த வார்டில் கடிந்தேனோ அங்கேயே, சக மாணவிகள் முன்னிலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பதிவேட்டிலும் என் குறையையே முதலில் எழுதினேன். பிறகு, இருவர் ஒரே சமயத்தில் கேட்கக்கூடிய பயிற்சி ஸ்டெதாஸ்கோப்பைக் கொண்டுவந்து அவளுடன் அமர்ந்தேன். முதலில் மணிக்கட்டு நாடியில் விரல் வைத்து, பட்டையில் காற்றை ஏற்ற ஏற்ற நாடி எங்கே மறைகிறது என்று பார்க்கச் செய்தேன். அடுத்து, அதற்கு மேல் 30 அளவு ஏற்றி, மெதுவாக இறக்கியபடி இருவரும் கேட்டோம். “இப்போது கேட்கிறது, மேடம்” என்றாள். பத்து நோயாளிகளுக்குப் பார்த்து முடிக்கும்வரை நானும் அவளை விடவில்லை.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் பயிற்சியின் முதல் நாளில் மாணவிகளிடம் ஒன்றைச் சொல்கிறேன்: “தெரியவில்லை என்று சொல்லுங்கள், நான் கோபப்பட மாட்டேன். தவறு செய்துவிட்டேன் என்று ஓடி வாருங்கள். முதலில் நோயாளியைக் காப்போம், பிறகு பேசுவோம். இல்லாததை எழுதுவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.” சொல்வது எளிது. வேலை நெருக்கடியில், ஒரே கேள்வியை ஐந்தாவது முறை கேட்கும் மாணவியிடம் முகம் சுளிக்காமலிருப்பது கடினம். அதில் நான் இன்னும் தோற்பதுண்டு.

நோயாளி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பெற்றோர் நம்பி அனுப்பிய மாணவியும் ஓர் அமானிதமே. ஒன்றைக் காப்பதற்காக மற்றொன்றை உடைத்தால், இறுதியில் இரண்டும் பாழாகும். சிறந்த பயிற்றுநரை எப்படி அறிவது என்று கேட்போருக்கு நான் சொல்வது இதுதான்: தவறு நேர்ந்த கணத்தில் அவருடைய மாணவி அவரை நோக்கி ஓடி வருகிறாளா, அவரிடமிருந்து ஒளிகிறாளா என்று பாருங்கள். வீட்டில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.

வல்ல அல்லாஹ், கற்பிப்போர் அனைவருக்கும் உறுதியையும் இரக்கத்தையும் ஒருசேர வழங்குவானாக! நம் கைகளால் எந்த நோயாளிக்கும் தீங்கு நேராமல் காப்பானாக! ஆமீன்.